கால் சதவீதம்

புளியரைச் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
எடைமேடைக் கண்ணாடி அறைக்குள் நான்.
வெறும் வண்டிக்கு ஒரு எண்,
வைக்கோல் ஏற்றி வந்தால் இன்னொரு எண்.
கழித்துச் சீட்டுக் கொடுப்பது என் வேலை.

சாரல் நாளில் போனுக்குப் புத்தி பிசகிவிடும்.
நாற்காலியை ஓரடி நகர்த்தினால்
கேரளம் வரவேற்கிறது.
திரும்ப இழுத்துப் போட்டால் தமிழ்நாடு.

ரோட்டை அகலப்படுத்த எடுத்த மூணேகால் சென்ட்டுக்கு
வந்த இரண்டு லட்சத்து எண்பதாயிரம்
செங்கோட்டையில் சேமிப்புக் கணக்கில்
இரண்டே முக்கால் வட்டியில்
குறட்டை விட்டுக் கிடந்தது.
“எஃப்டி போடுங்கம்மா, ஆறரை தர்றோம்”
என்றார் கவுண்டர்க்காரர், தானம் கொடுப்பதுபோல.
தலையாட்டிவிட்டு வந்து
போனில் தேட ஆரம்பித்தேன்.

ஆறே முக்கால்.
ஏழே கால்.
பெயரே கேட்டிராத ஒரு வங்கியில் ஏழே முக்கால்,
நானூற்று நாற்பத்து நாலு நாளுக்கு.
அது என்ன நாலு நாலு நாலு
என்று எங்கும் எழுதவில்லை.
அறுபது வயதானால் அரை சதவீதம் கூட.
எனக்கு நாற்பத்தாறு.
வாழ்க்கையில் முதல் தடவையாக
வயசு போதவில்லையே என்றிருந்தது.

ஷிபு சிரிக்கிறான். புனலூர்க்காரன்,
வாரம் இரண்டு நடை வைக்கோல்.
“கால் சதவீதத்துக்கா சேச்சி இந்தப் பாடு?
கோட்டவாசல் தாண்டினா அம்பது ரூபாய்க்கு ஒரு கோடி.”
எங்கள் தெரு ஆட்களும் அதற்குத்தான் பஸ் ஏறுகிறார்கள்.
ஆரியங்காவில் இறங்கி
சீட்டை நாலாய் மடித்து
உள்பையில் வைத்து
டீகூடக் குடிக்காமல் திரும்புகிறார்கள்.

எடைச்சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினேன்:
ஆறரைக்கும் ஏழே முக்காலுக்கும் நடுவில்
வருசம் மூவாயிரத்து ஐந்நூறு.
“ஒரு டயர் வராது” என்றான்.
வராதுதான்.
பாம்புப் புத்தகம் வரும்.

மழை பிடித்தால் மேடைக்கடியிலிருந்து
ஏதாவது ஒன்று ஊர்ந்து வரும்.
கிளீனர் பையன்கள் பார்த்த மாத்திரத்தில் அடிக்கிறார்கள்.
எது விரியன், எது பாவம் என்று
யாருக்காவது தெரிய வேண்டாமா?
போனில் படம் இருக்கிறது, ஆனால்
டவர் மாநிலம் மாறும்போது
பாம்பு கழுத்தோடு நின்றுவிடுகிறது.

புதுசு அறுநூற்று நாற்பது, இருப்பில் இல்லை.
பழசு, ஈரோட்டில் ஒருவரிடம், நூற்றுப் பத்து.
நல்ல நிலை. முதல் பக்கத்தில் பெயர் அடித்திருக்கிறது.
அறுபத்தோராம் பக்கம் டீக்கறை.
கறையை முன்னாலேயே சொன்ன மனிதர்மேல்
சட்டென்று நம்பிக்கை வந்தது.
வங்கிகள் அதை
நட்சத்திரக் குறி போட்டு
அடியில் பொடி எழுத்தில் வைத்திருக்கின்றன.
தபால் நாற்பத்தைந்து.
எதற்கும் ஒரு வண்டி எடை உண்டு.

ஒன்பதாம் நாள் வந்தது.
கறை சொன்ன இடத்தில் இருந்தது,
தண்ணீர்ப் பாம்பின் வாலோரம்.
சொல்லாதது ஒன்றும் இருந்தது.
மூங்கில் விரியன் பக்கத்தில், அடையாளத்துக்கு,
கேரள லாட்டரிச் சீட்டு ஒன்று.
தொண்ணூற்று நாலு செப்டம்பர்.
மடிப்புக்கூட விழவில்லை.

நாற்காலியைக் கேரளத்துக்குள் தள்ளிப் போட்டுத் தேடினேன்.
நேற்றைய குலுக்கல் இருக்கிறது.
போன வாரத்தது இருக்கிறது.
தொண்ணூற்று நாலு எங்கேயும் இல்லை.

பரிசு விழுந்திருந்தால்
சீட்டு இங்கே கிடக்குமா
என்பது ஷிபுவின் கட்சி.
பார்க்கவே மறந்திருந்தால்
என்பது என் கட்சி.

திங்கட்கிழமை பணத்தை மாற்றினேன்.
சீட்டை எடுக்கவில்லை, விரியனோடே இருக்கட்டும்.

நேற்று மறுபடி ஒன்று, மேடை விளிம்பில்.
கம்போடு ஓடிய பையனை நிறுத்தி
முப்பத்தெட்டாம் பக்கத்தை விரித்துப் பிடித்தேன்:
விஷமில்லை, பாரு.
பாம்பைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான்,
அட்டையைத் திருப்பி விலையைப் பார்த்தான்.
கம்பு மெல்ல இறங்கியது.
“பழசாக்கா?” என்றான்.